சூடானதும் இழுவை போகிறது, ஏற்றத்தில் அணைந்தே போகிறது: ஃப்யூல் பம்ப்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மேட்டுவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார், சாதாரண மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மணி நேரம் போல ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஐந்தாவது கியரில் மிதித்தால் முன்பு போல பிக்கப் இல்லை, ஏற்றம் வந்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது, காலை எடுத்துவிட்டு மெதுவாகப் போனால் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. போன வாரம் ஒரு ஏற்றத்தில் அப்படியே அணைந்துவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி அரை மணி நேரம் விட்டு அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு இப்போதெல்லாம் செல்ஃபை நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. செக் என்ஜின் விளக்கு வருகிறது, போகிறது. ஸ்கேனரில் பார்த்தால் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோடு. ஒரு பட்டறையில் "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். இன்னொருவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இக்னிஷன் காயில் என்கிறார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு வேண்டாம். குடும்பத்தோடு போகிற வண்டி, பின்னால் லாரி வரும்போது ஏற்றத்தில் நின்றது உண்மையிலேயே பயமாக இருந்தது. கையில் மல்டிமீட்டரும் புளூடூத் ஸ்கேனரும் இருக்கின்றன, பிரஷர் கேஜ் இரவல் வாங்க முடியும். எதை முதலில் பார்ப்பது, எந்த அளவு வந்தால் எதைக் குற்றம் சொல்வது?

பட்டறைக்கை:

முழுதாகச் செத்த பம்பைக் கண்டுபிடிப்பது சுலபம், சத்தமே வராது, வண்டி எடுக்காது, முடிந்தது. உங்களுடையது செத்துக்கொண்டிருக்கிற பம்பாக இருக்கலாம். அது குளிர்ந்த வண்டியில், ஐடிலிங்கில், பட்டறை வாசலில் வைத்துப் பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். காரணம் இதுதான்: சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் என்ஜினுக்கு மணிக்கு 1 லிட்டர் அளவில் பெட்ரோல் போதும், அதே என்ஜின் முழு மிதியில் ஏற்றம் ஏறும்போது மணிக்கு 25, 30 லிட்டர் வேகத்தில் கேட்கும். பாதி பலம் போன பம்ப்கூட அந்த 1 லிட்டரைத் தாராளமாகக் கொடுத்துவிடும். அதனால் வண்டி எப்போது தகராறு செய்கிறதோ அப்போதுதான் அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வாசலில் வைத்து அளந்தவர்கள்தான் நல்ல பம்பை மாற்றுவதும் கெட்ட பம்பை விட்டுவிடுவதும்.

அடுத்த முறை அணைந்து நின்றால், வண்டியைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கி நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட்டுக்கு அடியிலிருந்து 2 விநாடி போல ஒரு முனகல் கேட்கும், அதுதான் பம்ப் லைனில் பிரஷர் ஏற்றுகிற சத்தம். அது வருகிறதா, வந்தாலும் வழக்கமான சத்தம்தானா, கீச்சென்று உயர்ந்து கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போது முள் கொஞ்சம் எழும். எழவே இல்லை என்றால் கிராங்க் சென்சர் (என்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்வது) பக்கம் சந்தேகம் போக வேண்டும். அதுவும் சூடானால் சாகும், ஆறினால் பிழைக்கும், அதனால்தான் பலர் பம்போடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்த சிக்னல் வராவிட்டால் ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) பம்பையும் ஓட விடாது, அதனால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் சத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து பம்பைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் கிராங்க் சென்சர் போனால் என்ஜின் ஸ்விட்சை அணைத்தது போல ஒரே அடியாக நிற்கும். உங்களுக்கு முதலில் இழுவை குறைந்து, வெட்டி, அப்புறம்தான் நின்றிருக்கிறது. அதனால் பெட்ரோல் குறைபாடு என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன்.

காயில் பற்றி: மிஸ்ஃபயர் ஆனால் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால்) செலவாகாத ஆக்ஸிஜன் வெளியே வந்து சென்சரைக் கலவை குறைவு என்று நம்ப வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காயில் போனால் பி0300 அல்லது பி0301, பி0302 வகை மிஸ்ஃபயர் கோடு ஏதாவது ஒன்று பெரும்பாலும் கூடவே வந்து நிற்கும். உங்களிடம் பி0171 மட்டும்தான் இருக்கிறது.

அந்த பி0171ஐ வைத்தே இன்னொரு வேலை செய்யலாம். ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் என்று ஷார்ட், லாங் இரண்டு எண்கள் வரும், ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதுதான் அது. ஐடிலிங்கில் பிளஸ்ஸில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது, பம்பை விட்டுவிடுங்கள். ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற பிளஸ் 15, 20 என்று போனால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சர் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது. முழு மிதியில் பல வண்டிகள் ட்ரிம்மைக் கண்டுகொள்ளாது, அப்போது முன் ஆக்ஸிஜன் சென்சரின் வோல்டேஜைப் பாருங்கள். முழு மிதியில் 0.8, 0.9 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். 0.1 என்று கீழே கிடந்தால் என்ஜின் பட்டினி கிடக்கிறது.

கடைசியாக பிரஷர். ரிட்டர்ன் பைப் (மிஞ்சிய பெட்ரோலை என்ஜின் பக்கமிருந்து டேங்குக்குத் திருப்பும் குழாய்) இல்லாத சிஸ்டத்தில் பெரும்பாலும் 3.5 முதல் 4 பார் வரை. ரிட்டர்ன் உள்ள பழைய சிஸ்டத்தில் ஐடிலிங்கில் 2.5, பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை எடுத்தால் 3. உங்கள் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கேஜ் மாட்டும் முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை அது தானாக அணையும் வரை ஓட விடுங்கள், லைனில் இருக்கும் பிரஷர் இறங்கிவிடும். சூடான என்ஜினில் செய்யவே வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாட்டிய பிறகு எல்லா இணைப்பிலும் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, நீளமான குழாய் உள்ள கேஜை பானெட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கேஜை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது, பெட்ரோல் உள்ளே பீய்ச்சினால் அவ்வளவுதான். ஒருவர் ஓட்ட, ஒருவர் முள்ளைப் பார்க்க வேண்டும்.

காலை ஸ்டார்ட் தொல்லைக்கு: சாவியை ஆன் செய்து 2 விநாடி விட்டு ஆஃப், இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் இரவில் லைன் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். காரணம் பம்புக்குள் இருக்கும் செக் வால்வு (பெட்ரோல் பின்னுக்கு ஒழுகாமல் தடுப்பது), ரெகுலேட்டர், அல்லது சொட்டுகிற இன்ஜெக்டர்.

மின்னோட்டம்:

பட்டறைக்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதைச் செய்யாமல் யாரும் பம்பைக் கழற்றக் கூடாது. பம்ப் ஒரு டிசி மோட்டார்தான். அதற்கு வர வேண்டிய வோல்டேஜ் வரவில்லை என்றால் புத்தம் புது பம்பும் மந்தமாகத்தான் சுற்றும்.

பம்புக்கு வயர் வந்து சேரும் கப்ளரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்து 12.6 வருகிறது, வயரிங் நல்லது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது ஒன்றையும் காட்டாது. வயரில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் லோடு இல்லாதபோது மீட்டர் 12.6தான் காட்டும். கப்ளர் மாட்டியிருக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும், மெல்லிய ஊசி முனையைக் கப்ளரின் பின்பக்கம் வயரை ஒட்டிச் செருகி அளக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் என்றால் பம்பில் 13.5க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் எந்தப் பக்கம் தொலைகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை பம்பின் நெகட்டிவ் பின்னில். அங்கே 0.2க்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் தடை இருக்கிறது. அதே போல பாசிட்டிவுக்கும் பாசிட்டிவுக்கும் இடையில் அளந்தால் ஃப்யூஸ், ரிலே, வயர் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தின்கின்றன என்று வந்துவிடும். ஒரு எச்சரிக்கை, சில புது வண்டிகளில் பம்பைத் தனி மாட்யூல் துடிப்பாக வோல்டேஜ் கொடுத்து ஓட்டும், அங்கே சாதா மீட்டர் காட்டும் எண்ணை நம்பக் கூடாது.

டேங்க் மேலே உட்காரும் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கப்ளரில் பின் பளபளவென்றும் துளை நேராகவும் இருக்கும். வெந்துபோனதில் ஒரு பின் மட்டும் நீலம் பாய்ந்தோ கறுத்தோ நிற்கும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகி லேசாக உப்பியிருக்கும், பெண் டெர்மினலின் உள் பிடி தளர்ந்து மாட்டும்போது இறுக்கமே தெரியாது. ரிலேயை அதே எண் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நயா பைசா செலவில்லாத சோதனை.

முடிந்தால் கரன்ட்டையும் அளந்துவிடுங்கள். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் பம்ப் வயரில் மாட்டினால் போதும். இந்த வகை பம்புகள் பொதுவாக 4 முதல் 8 ஆம்பியருக்குள் எடுக்கும். பிரஷர் குறைவு, கரன்ட் அதிகம் என்றால் மோட்டார் இறுகிப்போய்த் திணறுகிறது. பிரஷரும் குறைவு, கரன்ட்டும் குறைவு என்றால் வயர் தடை, அடைத்த ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள வலை), அல்லது உள்ளே பெட்ரோலைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. பிரஷர் அதிகம், கரன்ட்டும் அதிகம் என்றால் பம்புக்கு அந்தப் பக்கம் ஃபில்டரோ லைனோ அடைத்திருக்கிறது.

பழையசாவி:

செலவே இல்லாத ஒன்றை முதலில் செய்யுங்கள். வண்டி வெட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி பெட்ரோல் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்றைப் பலமாக உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால் டேங்க் மூச்சு விடும் வழி அடைத்திருக்கிறது, பம்ப் பாவம். புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்தாலும் இதே மாதிரி இழுவை போகும், ஆனால் அதில் கலவை இப்படிக் குறைவு என்று காட்டாது. உங்களுக்கு பி0171 வந்திருப்பதால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

மேட்டுவண்டி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நண்பர் ஒருவரோடு சேர்ந்து பொறுமையாக அளந்தேன். இதோ எல்லாம்.

மூடியைத் திறந்தபோது இழுப்பு எதுவும் இல்லை, திறந்து மூடியதால் மாற்றமும் இல்லை. ட்ரிம் ஐடிலிங்கில் பிளஸ் 4, சூடான பிறகு ஏற்றத்தில் நான்காவது கியரில் பிளஸ் 22. காற்று சென்சரைச் சுத்தம் செய்தும் அதே நிலைதான். காலையில் சாவியை ஆன், ஆஃப் செய்துவிட்டு அடித்தால் சட்டென்று பிடிக்கிறது. ஆர்பிஎம் முள் எப்போதும் எழுகிறது.

மேனுவலில் பிரஷர் 3.5 பார், ரிட்டர்ன் பைப் கிடையாது. குளிர்ந்த ஐடிலிங்கில் 3.4. இந்த ஒரு எண்ணோடு நிறுத்தியிருந்தால் பம்ப் நல்லது என்றுதான் எவரும் சொல்வார்கள். சூடான பிறகு ஏற்றத்தில் மிதித்தால் 2.1க்கு இறங்குகிறது, அந்த நேரத்தில்தான் வெட்டுகிறது. என்ஜினை அணைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் முள் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

வோல்டேஜ், பேட்டரியில் 14.1 இருக்கும்போது பம்பில் 12.2. தொலைகிற 1.9ல் 1.4 எர்த் பக்கம். கப்ளர் மின்னோட்டம் எழுதியது போலவே, நெகட்டிவ் பின் கறுத்து, சுற்றிலும் பழுப்பு. கரன்ட் 9 ஆம்பியர். இது அதிகம்தானே?

பழையசாவி:

எர்த்தில் 1.4 வோல்ட் போகிறது, வேறென்ன வேண்டும்? கப்ளரை மட்டும் மாற்றுங்கள், பம்பைத் தொடவே வேண்டாம். வோல்டேஜ் கிடைத்தால் பம்ப் தானாக நிமிர்ந்துவிடும்.

மின்னோட்டம்:

இல்லை, பழையசாவி அண்ணா, இங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும். எர்த் தடை மட்டுமே குறை என்றால் கரன்ட் குறைய வேண்டும், கூடக் கூடாது. 12.2 வோல்ட் மட்டும் வாங்கிக்கொண்டு 2.1 பார் மட்டும் கொடுக்கிற பம்ப் 9 ஆம்பியர் ஏன் எடுக்க வேண்டும்? மோட்டார் உள்ளே உரசுகிறது, அதனால்தான். அந்த அதிகப்படி கரன்ட்தான் கப்ளரையும் வேக வைத்திருக்கிறது. கப்ளர் வெந்ததும் தடை கூடியது, வோல்டேஜ் குறைந்தது, பம்ப் இன்னும் மெதுவானது.

அதனால் கப்ளரை மட்டும் மாற்றினால் இந்த பம்ப் புது கப்ளரையும் சுடும். பம்பை மட்டும் மாற்றினால் புது பம்ப் பழைய கப்ளரில் வோல்டேஜ் இல்லாமல் கிடக்கும், ஆறு மாதத்தில் "போன தடவை போட்ட பம்ப் சரியில்லை" என்று பேச்சு வரும். இரண்டையும் செய்ய வேண்டும். கப்ளரை முதலில் செய்யுங்கள், அதன் பிறகு மறுபடி அளந்தால் பம்பின் உண்மையான நிலை தெரிந்துவிடும். வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள், சரியான அளவு டெர்மினலைக் கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கிப் பிடிக்க வைத்து) மாட்டுங்கள்.

பட்டறைக்கை:

மின்னோட்டத்தின் பேச்சோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அணைத்த உடனே பிரஷர் இறங்குவதும் ஒரு சாட்சி. ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள், எந்த சிலிண்டரிலும் கரியும் பெட்ரோல் ஈரமும் இல்லை என்றால் இன்ஜெக்டர் சொட்டவில்லை, மிச்சம் பம்ப் அசெம்பிளிக்குள் இருக்கும் செக் வால்வும் ரெகுலேட்டரும்தான். எது போயிருந்தாலும் அசெம்பிளியை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

சூடானால் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். தேய்ந்த பம்பில் உள் இடைவெளிகள் பெரிதாகியிருக்கும், சூடான பெட்ரோல் இன்னும் நீர்த்துப் போவதால் அந்த இடைவெளி வழியாகப் பின்னுக்கே ஒழுகும். உறிஞ்சும் பக்கம் ஆவியும் கட்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். ரிசர்வ் விளக்கு எரிய எரியவே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மேட்டுவண்டி:

கப்ளரை வயர் துண்டோடு புதிதாகப் போட்டாயிற்று. தொலைகிற வோல்டேஜ் மொத்தமே 0.3க்கு வந்துவிட்டது. ஏற்றத்தில் பிரஷர் 2.1லிருந்து 2.6 ஆனது, வெட்டுவது குறைந்தது, ஆனால் இழுவை முழுதாக வரவில்லை. கரன்ட் இன்னும் 9க்கு மேலேதான். ப்ளக் எல்லாம் காய்ந்து ஒரே நிறத்தில் இருக்கின்றன. சரி, பம்ப்தான் என்று இப்போது சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது.

பின் சீட்டைத் தூக்கி அசெம்பிளியை வெளியே எடுத்துவிட்டேன். வெள்ளையாக இருக்க வேண்டிய ஸ்ட்ரெய்னர் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது, விரலால் தேய்த்தால் மாவு போல வழவழப்பும் நடுவே நறநறவென்று மணலும். டார்ச் வெளிச்சத்தில் டேங்கின் அடியிலும் அதே பொடி ஒரு மூலையில் படிந்து கிடப்பது தெரிகிறது. புது பம்பை அப்படியே இறக்கிவிடலாமா, டேங்கையே இறக்க வேண்டுமா?

பட்டறைக்கை:

அப்படியே இறக்காதீர்கள். அந்தப் பொடிதான் பழைய பம்பைத் தேய்த்தது, புதியதையும் தேய்க்கும். மூலையில் மட்டும் படிந்திருந்தால் டேங்கை இறக்காமலே செய்யலாம். இருக்கும் பெட்ரோலைக் கை பம்பால் முழுதாக உறிஞ்சி எடுங்கள், அப்புறம் நூல் பிரியாத துணியால் துடைத்தெடுங்கள். வேக்குவம் கிளீனர், மின்சார விளக்கு, டிரில் எதையும் திறந்த டேங்க் பக்கம் கொண்டுபோகக் கூடாது, வேக்குவம் கிளீனரின் மோட்டார் பொறி ஒன்று போதும் ஆவி பற்றிக்கொள்ள. அந்த டார்ச்சும் தீப்பொறி காக்கும் வகை இல்லை என்றால் தள்ளியே இருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், வண்டிக் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். உள்ளே துருவோ தண்ணீரோ தென்பட்டால் மட்டும் டேங்கை இறக்கிக் கழுவுங்கள்.

ஸ்ட்ரெய்னர் புதியது, வாய் சீல் ரிங் புதியது. பழைய ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்ப உட்காராது. வெளியே தனி ஃபில்டர் உள்ள வண்டி என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அசெம்பிளியை இறக்கும்போது மிதவையின் கம்பி வளையாமல் பாருங்கள், வளைந்தால் பெட்ரோல் முள் பொய் சொல்லும். அம்புக்குறி நேர் வந்த பிறகு லாக் ரிங்கை இறுக்குங்கள்.

மேட்டுவண்டி:

நீங்கள் சொன்னபடியே டேங்கைத் துடைத்து, எல்லாம் புதிதாகப் போட்டு முடித்தாயிற்று. துருவும் தண்ணீரும் இல்லை, டார்ச்சையும் ஓரம் கட்டிவிட்டேன். குளிர்ந்த ஐடிலிங்கில் 3.5, சூடாகி ஏற்றத்தில் முழு மிதியில் 3.4. கரன்ட் 5.6 ஆம்பியர். அணைத்துப் பத்து நிமிடம் கழித்தும் 3 பாருக்கு மேலே நிற்கிறது. ட்ரிம் லோடில் பிளஸ் 5. காலையில் செல்ஃப் தொட்டதும் பிடிக்கிறது. அதே ஏற்றத்தில் நால்வரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நான்காவது கியரிலேயே ஏறிவிட்டது.

பட்டறைக்கை:

அருமை, எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஒரே ஒரு வேலை பாக்கி. டேங்கை முழுதாக நிரப்பி ஒரு மேடு ஏறி இறங்கிவிட்டு பின் சீட்டைத் தூக்கி லாக் ரிங்கைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் சீல் சரியாக உட்காரவில்லை, அதைச் சரி செய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.